அம்மி நகரட்டும்

(உலக மனநல நாளையொட்டி ஓய்வூதியர் சங்க மண்டபத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

விழாத் தலைவர் அவர்களே, எத்தனையோ வேலைக்கு நடுவிலும் வந்து அமர்ந்திருக்கும் நகராட்சி ஆணையர் அவர்களே, புறநோயாளிகளைப் பார்த்து முடித்துவிட்டு அரசு மருத்துவமனையிலிருந்து நேரே வந்திருக்கும் மனநல மருத்துவர் அம்மா அவர்களே, எங்கள் வார்டு உறுப்பினர் அவர்களே, நாற்காலிக்கும் மைக்குக்கும் வாடகை வேண்டாம் என்று சொல்லிவிட்ட பந்தல்காரத் தம்பி அவர்களே (அவருக்கு ஒரு கைதட்டு கொடுங்கள், இந்தக் காலத்தில் யார் விடுகிறார்கள்), சங்க உறுப்பினர்களே, அவர்களை இழுத்துக்கொண்டு வந்திருக்கும் தாய்மார்களே, வணக்கம்.

1992 முதல் ஆண்டுதோறும் அக்டோபர் 10-ஐ உலக மனநல நாளாகக் கடைப்பிடிக்கிறார்கள். மனச்சோர்வில் இருப்பவர்களுக்குக் கைகொடுக்கும் அன்றாடப் பழக்கங்களைப் பற்றிப் பேசச் சொன்னார்கள். ஐந்து எழுதி வந்திருக்கிறேன்: தூக்கம், காலை வெயில், நடை, சாப்பாடு, நாலு பேரோடு பேச்சு. செயலாளர் இப்போதே வாட்சைப் பார்க்கிறார். பார்க்கட்டும்.

முதலில் ஒன்று. பேரன் போன் பண்ணவில்லை என்று ஒரு நாள் முகம் தொங்கினால் அது வருத்தம். இரண்டு வாரம் தொடர்ந்து எதிலும் பிடிப்பில்லாமல், தூக்கம் கெட்டு, பசி கெட்டு, குளிக்கக்கூட எழுந்திருக்க முடியாமல் கிடந்தால் அது நோயாக இருக்கலாம். மருத்துவரிடம் போயாக வேண்டும். மாத்திரை கொடுத்தால் சாப்பிட வேண்டும்; கொஞ்சம் தெளிந்ததும் நீங்களாக நிறுத்தக் கூடாது. நான் சொல்லப்போகும் பழக்கங்கள் சிகிச்சைக்குத் துணை, பதில் அல்ல. இதைச் சொல்லாமல் மேலே போனால் டாக்டரம்மா எழுந்து போய்விடுவார்.

எங்கள் அப்பத்தா எதற்கெடுத்தாலும் ஒரே பழமொழிதான் சொல்லும்: "அடிமேல் அடி அடித்தால் அம்மியும் நகரும்." மனச்சோர்வுக்கு இதைவிடப் பொருத்தமான பழமொழி எனக்குத் தெரியவில்லை.

அரசு பஸ் ஓட்டி ஓய்வு பெற்ற நண்பர் ஒருவர். பெயர் வேண்டாம். சொல்லிக்கொள் என்று அவரே அனுமதி கொடுத்தார். பின்வரிசையில்தான் இருக்கிறார், யாரும் திரும்பிப் பார்க்காதீர்கள். சர்வீஸ் முழுக்க விடியுமுன் எழுந்து முதல் வண்டி எடுத்த மனுஷன். ஓய்வு பெற்றதும் பத்து மணி வரை கட்டிலை விட்டு இறங்கவில்லை. தாடி வளர்ந்தது. இட்லி தட்டிலேயே காய்ந்தது. வீட்டில் எல்லோரும் சோம்பேறித்தனம் என்றே நினைத்தார்கள். மகள்தான் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனாள். மாத்திரை ஆரம்பித்தார்கள், தினமும் ஒரே நேரத்துக்கு எழுந்து கொஞ்ச தூரமாவது வெளியே போகச் சொன்னார்கள். இவரா போவார்? அவர் மனைவி, எங்களுக்கெல்லாம் அக்கா, பார்த்தார். வீட்டுக்கு வரும் பால் பாக்கெட்டை நிறுத்திவிட்டார். "காப்பி வேணும்னா பூத்துக்குப் போய் பால் வாங்கிட்டு வாங்க." முதல் நாள் காப்பி இல்லாமலே கிடந்தார். மறுநாள் லுங்கியோடு போனார், யார் முகத்தையும் பார்க்காமல் திரும்பினார். இப்படியே கொஞ்ச நாள் ஓடியது. பூத் பஸ் ஸ்டாண்டை ஒட்டி இருக்கிறது. ஒரு நாள் காலை, புதுப் பையன் ஒருவன் வண்டியை ரிவர்ஸ் எடுக்கத் தெரியாமல் தூணில் இடிக்கப் பார்க்கிறான். கண்டக்டர் விசில் ஊதியே களைத்துப்போனார். நம்மவர் கையில் பால் பாக்கெட்டோடு ஓடிப்போய், "தம்பி, லெஃப்ட்ல ஒடி! முழுசா ஒடிடா!" என்று கத்தினார் பாருங்கள், ஸ்டாண்டே திரும்பிப் பார்த்தது. வண்டி நேரானது. டைம் கீப்பர் டீ வாங்கிக் கொடுத்தார். அன்றைக்குப் பால் திரிந்துபோனது. அக்கா ஒரு வார்த்தை திட்டவில்லை.

டீ குடித்ததும் நோய் போய்விட்டது என்று சொல்ல வரவில்லை. மாதக்கணக்கில் ஆனது. ஆனால் மனசு சரியானதும் எழுந்திருக்கலாம் என்று காத்திருக்காமல், முதலில் உடம்பை நகர்த்துவது மருத்துவர்களே சிகிச்சையாகக் கையாளும் முறைதான். வாரத்துக்கு 150 நிமிடமாவது வேகநடை மாதிரி உடலுழைப்பு வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். காலை வெளிச்சம் உடம்பின் கடிகாரத்தைச் சரிசெய்கிறது, ராத்திரி தூக்கமும் ஒழுங்காகிறது. பாருங்கள், மூன்று பழக்கம் ஒரே நடையில் முடிந்தது.

சரி, அவர் ஏன் பஸ் ஸ்டாண்டில் புகைக்கு நடுவே நடக்க வேண்டும்? வீட்டுக்கு எதிரிலேயே நகராட்சிப் பூங்கா இருக்கிறதே! ஆணையர் ஐயா மன்னிக்க வேண்டும். காலை எட்டு மணிக்கே பூட்டு. சாயங்காலம் திறந்தாலும் விளக்கு எரியாததால் இருட்டுமுன் வெளியேற்றிவிடுகிறார்கள். வேலைக்குப் போய் ஆறு மணிக்கு வீடு திரும்பும் பெண் எங்கே நடப்பாள்? பைபாஸ் ஓரம், லாரி ஹாரனுக்கு நடுவில். நடைபாதைச் சிமெண்டுக் கல் பெயர்ந்து என் செருப்புவார் அறுந்த இடத்தை வார்டு உறுப்பினரே நேரில் பார்த்தார். விளக்கு, நாலு பெஞ்சு, இரவு ஒன்பது வரை திறப்பு. நாங்கள் கேட்பது இவ்வளவுதான். மனு மேல் மனு போட்டுக்கொண்டே இருக்கிறோம். அடிமேல் அடி அடித்தால் நகராட்சி அம்மியும் நகரும்தானே ஐயா? சிரிக்கிறார். சிரித்தால் பாதி சம்மதம்.

சாப்பாடு, பேச்சு இரண்டும் பாக்கி. செயலாளர் எழுந்தே நின்றுவிட்டார், அடுத்த கூட்டத்தில் பார்ப்போம். ஒன்று மட்டும்: தூக்கம் வரவேண்டும் என்று குடிக்காதீர்கள், அது சோர்வைக் கூட்டும். ரொம்ப முடியவில்லை, வாழவே பிடிக்கவில்லை என்று தோன்றினால் 14416-க்குக் கூப்பிடுங்கள். அரசின் டெலி மானஸ் சேவை, இரவு பகல் எந்நேரமும் இலவசம், தமிழிலேயே பேசலாம்.

அப்புறம், பூங்கா மனுவுக்கான கையெழுத்து நோட்டு வாசல் மேஜையில், போண்டாத் தட்டுக்குப் பக்கத்தில் இருக்கிறது. கையெழுத்துப் போட்டுவிட்டு போண்டா எடுங்கள். வணக்கம்.