கரி தீர்ந்த கப்பல்

அவையோர்க்கு வணக்கம். கர்நாடகத்து ஜோக் அருவிக்குக் கெர்சொப்பா என்றும் ஒரு பெயருண்டு. அப்பெயரைத் தாங்கிய சரக்குக் கப்பலொன்று 1941 பிப்ரவரியில் அட்லாண்டிக்கில் மூழ்கிய வரலாற்றைத்தான் இன்று பேச வந்திருக்கிறேன்.

வெள்ளிக் கட்டிகளையும் தேயிலையையும் இரும்பையும் ஏற்றிக்கொண்டு 1940 டிசம்பரில் கல்கத்தாவை விட்ட கெர்சொப்பா, மேற்கு ஆப்பிரிக்காவின் ஃப்ரீடவுனில் எஸ்.எல். 64 என்னும் கான்வாயில், அதாவது போர்க்காலத்தில் பாதுகாப்புக்காகச் சேர்ந்து செல்லும் கப்பல் கூட்டத்தில், சேர்ந்து பிரிட்டனை நோக்கிச் சென்றது. எதிர்க்காற்றில் கப்பல் எவ்வளவு மெல்ல ஊர்ந்தாலும் கொதிகலன் கேட்கும் கரி குறைவதில்லை. லிவர்பூல் வரை கரி தாங்காது என்று கணித்த தலைவர், கூட்டத்தை விட்டுப் பிரிந்து அயர்லாந்தின் கால்வே துறைமுகத்தை நோக்கிக் கப்பலைத் திருப்பினார். அவர்மீது குற்றம் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. கரியின்றி நடுக்கடலில் நிற்கும் கப்பலைக் காத்துக்கொண்டு எந்தக் கான்வாயும் நிற்காது.

பிப்ரவரி 16 அன்று ஜெர்மன் விமானமொன்று தலைக்கு மேலே வட்டமிட்டுப் போயிற்று. அன்றிரவே யு-101 நீர்மூழ்கியின் டார்ப்பிடோ தாக்கியது. சிறிது நேரத்தில் கப்பல் மூழ்கியது. இரண்டாம் அதிகாரி ரிச்சர்ட் அயர்ஸ் பொறுப்பேற்ற படகில் சுமார் 30 பேர் இருந்தனர். அவர்களில் பெரும்பாலோர் லஸ்கர்கள் எனப்பட்ட இந்திய மாலுமிகள். குளிரிலும் தாகத்திலும் ஒவ்வொருவராக மாண்டுபோக, பதின்மூன்றாம் நாள் இங்கிலாந்தின் கார்ன்வால் கரை தென்பட்டது. கரையைத் தொடும் தறுவாயில் அலை படகைக் கவிழ்த்தது. கப்பலிலிருந்த 80-க்கும் மேற்பட்டோரில் உயிர் தப்பியவர் அயர்ஸ் ஒருவரே.

2011-இல், ஏறத்தாழ 4,700 மீட்டர் ஆழத்தில் கப்பலைக் கண்டுபிடித்தார்கள். அடுத்த ஈராண்டுகளில் 100 டன்னுக்கும் அதிகமான வெள்ளியை, கட்டி கட்டியாக எண்ணி மேலே எடுத்தார்கள். கூடவே 700-க்கும் மேற்பட்ட கடிதங்களும் வந்தன. ஒளியும் காற்றும் புகாமல் ஒன்றன்மேல் ஒன்றாக அழுந்திக் கிடந்ததால், எழுபதாண்டுக்குப் பிறகும் அவற்றில் பலவற்றை வாசிக்க முடிந்தது.

பிரிட்டிஷ் வணிகக் கப்பல்களில் உயிர்நீத்த மாலுமிகளின் பெயர்களை லண்டன் டவர் ஹில் நினைவுச் சின்னத்தில் பொறித்திருக்கிறார்கள். கொதிகலனுக்குக் கரி அள்ளிப் போட்ட லஸ்கர்களை அங்கே தேடிப் பயனில்லை. அவர்களுக்கான பெயரேடுகள் மும்பையிலும் சிட்டகாங்கிலும் இருக்கின்றன.