'எஸ்கேப் பிளான்' நல்ல படமா, சுமாரா? ஏன் ஆளுக்கொன்று சொல்கிறார்கள்?

சரி, அடுத்த கேள்வி. ஒரு நேயர் கேட்டிருக்கிறார்: "ஸ்டாலோனும் அர்னால்டும் சேர்ந்து நடித்த 'எஸ்கேப் பிளான்' படத்தை என் அண்ணன் ஆகா ஓகோ என்கிறார், நண்பர்கள் மொக்கை என்கிறார்கள். எதை நம்புவது?" இரண்டு பேரையும் நம்பலாம். ஏனென்றால் அதில் இரண்டு படங்கள் இருக்கின்றன, அவர்கள் ஆளுக்கு ஒன்றைப் பார்த்திருக்கிறார்கள், அவ்வளவுதான்.

படம் வந்தது 2013 அக்டோபரில். அப்போது ஸ்டாலோனுக்கு 67 வயது, அர்னால்டுக்கு 66. இதே ஜோடி 1980களில் வந்திருந்தால் தியேட்டர் கிழிந்திருக்கும், ஆனால் அப்போது இரண்டு பேரும் நீயா நானா என்று போட்டி போட்டுக்கொண்டிருந்தார்கள். 'எக்ஸ்பெண்டபிள்ஸ்' படங்களில் ஏற்கெனவே ஒன்றாகத் தலைகாட்டிவிட்டார்கள் என்றாலும் அது ஒரு பெரிய கும்பலோடு. இருவர் மட்டும் தோளில் தூக்கிச் சுமக்கும் படம் என்றால் இதுதான். அதனால் போஸ்டரைப் பார்த்ததும் ரசிகன் மனதில் ராம்போவும் டெர்மினேட்டரும் வந்து உட்கார்ந்துவிட்டார்கள். முதல் ஏமாற்றமே அங்கேதான்.

ஏனென்றால் முதல் ஒரு மணி நேரம் இது அடிதடிப் படமே இல்லை, மூளையை வைத்து ஆடுகிற படம். ஸ்டாலோனின் பாத்திரம் ரே பிரெஸ்லின், சிறையிலிருந்து தப்பிப்பதையே தொழிலாக வைத்திருப்பவர். கைதிபோல உள்ளே போவார், தப்பித்துக் காட்டுவார், எங்கே ஓட்டை என்று நிர்வாகத்துக்குச் சொல்வார். சிறைப் பாதுகாப்பு பற்றிப் புத்தகமே எழுதியவர். அவரைக் கண்ணாடிக் கூண்டுகளும் முகமூடிக் காவலர்களும் உள்ள ஒரு ரகசியச் சிறையில் போட்டு மாட்டிவிடுகிறார்கள். அந்தச் சிறையைக் கட்டியதே அவர் எழுதிய புத்தகத்தைப் பார்த்துத்தான் என்பது எனக்கு மிகவும் பிடித்த இடம்.

அப்புறம் அந்த இடம் எங்கே இருக்கிறது என்று கண்டுபிடிப்பது. கையில் கிடைத்த சில்லறைச் சாமான்களை வைத்தே, வானத்தைப் பார்த்து கோணம் அளக்கும் கருவி ஒன்றைச் செய்து, ஜாவேத் என்ற கைதி இரவுத் தொழுகைக்காக மேலே போக அனுமதி வாங்கி, அதை வைத்து அளந்துவிட்டு வருவார். நம்ப முடிகிறதா என்று கேட்டால் கொஞ்சம் கஷ்டம்தான், ஆனால் பார்க்க ஜோராக இருக்கும். உங்கள் அண்ணன் பார்த்த படம் இது.

கடைசி அரை மணி நேரத்தில் எல்லாத் திட்டமும் போய், துப்பாக்கி கைக்கு வந்துவிடுகிறது. ஹெலிகாப்டரில் இருக்கும் பெரிய துப்பாக்கியை அர்னால்ட் பிடுங்கிச் சுடுவார், கேமரா நிதானமாக அவர் முகத்துக்குப் போகும். இதற்காகவே வந்தவன் "இதை முதலிலேயே காட்டியிருக்கலாமே" என்பான், அந்தச் சிறைப் புதிரில் ஊறியவன் "கெடுத்துட்டாங்களே" என்பான். விமர்சகர்களும் ஏறக்குறைய பாதிக்குப் பாதியாகப் பிரிந்தார்கள்.

என்னைக் கேட்டால் படத்தைத் தூக்கி நிறுத்துவது அர்னால்ட்தான். கலிபோர்னியா கவர்னராக 2011 வரை இருந்துவிட்டு வந்தவர், நரைத்த தாடியும் நக்கல் சிரிப்புமாக ரொம்ப இலகுவாக இருக்கிறார். தனிமைச் சிறையில் சுட்டெரிக்கும் விளக்குகளுக்குக் கீழே தாய்மொழியான ஜெர்மனில் பிரார்த்தனையைக் கத்திக் கதறும் காட்சி ஒன்று உண்டு. இத்தனை வருடம் உச்சரிப்புக்காகக் கேலி செய்யப்பட்ட மனிதர் அவர், அந்த ஒரு நிமிடம் நடிப்பு கொட்டுகிறது. டப்பிங்கில் பார்த்திருந்தால் அந்தக் காட்சியை மட்டுமாவது ஒரிஜினலில் பாருங்கள். ஸ்டாலோன் குறை வைக்கவில்லை, ஆனால் அந்த முணுமுணுப்பும் ஒரே முகபாவமும்... உலகத்தின் பெரிய மூளைக்காரர் இவர் என்று நம்ப நாமும் கொஞ்சம் ஒத்துழைக்க வேண்டியிருக்கிறது. வில்லன் வார்டனாக வரும் ஜிம் கேவிசல் குரலை உயர்த்தாமலே மிரட்டுகிறார், சாம் நீல் மாதிரி ஒரு நடிகரை டாக்டராகப் போட்டு வீணடித்துவிட்டார்கள்.

"அப்போ படம் ஃபிளாப்பா?" என்றும் அதே நேயர் கேட்டிருக்கிறார். எந்த ஊர்க் கணக்கு என்பதைப் பொறுத்தது. அமெரிக்காவில் வசூல் சுமார் 2.5 கோடி டாலர்தான், செலவு ஏறக்குறைய 5 கோடி, அதாவது அங்கே அடி. அதே வருடம் ஆரம்பத்தில் இரண்டு பேரும் தனித்தனியாக நடித்து வந்த படங்களும் அங்கே ஊற்றிக்கொண்டன. ஆனால் உலகம் முழுக்கச் சேர்த்து 13 கோடி டாலரைத் தாண்டியது, சீனாவில் மட்டுமே அமெரிக்காவைவிட அதிகம். சொந்த ஊரில் "பெரியவருக்கு எதுக்கு இந்த வேலை" என்று சிரித்தார்கள், வெளியூரில் இன்னும் அந்தப் பெயருக்கே டிக்கெட் கிழித்தார்கள். 2018-ல் இரண்டாம் பாகம் வந்தபோது ஒரு சீன நடிகருக்குப் பெரிய வேடம் கொடுத்ததற்குக் காரணம் இதுதான் என்று நினைக்கிறேன்.

அந்த இரண்டாம் பாகத்திலும் 2019-ல் வந்த மூன்றிலும் அர்னால்ட் கிடையாது, முதல் பாகத்தின் சாமர்த்தியமும் கிடையாது, நேரம் மிச்சம். முதல் பாகத்தை ஞாயிறு மதியம் சாப்பிட்டுவிட்டுப் பாருங்கள், ராம்போவை மட்டும் மறந்துவிட்டு. அடுத்த கேள்விக்குப் போகலாம்.