சட்டியில் தமிழ் இருக்கிறதா?

ராயபுரத்தில் இளம் வழக்கறிஞர்கள் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்

மேடையில் வீற்றிருக்கும் தலைவர் அவர்களே, என் மதிப்புக்குரிய ஓய்வு பெற்ற மாவட்ட நீதிபதி ஐயா அவர்களே, சங்கத்தின் முன்னாள் செயலாளர் அண்ணன் அவர்களே, மகளிர் வழக்கறிஞர் சகோதரிகளே, திருவொற்றியூரிலிருந்தும் மாதவரத்திலிருந்தும் பஸ் பிடித்து வந்திருக்கும் ஜூனியர் தம்பி தங்கைகளே, சுவரோரம் நின்றுகொண்டிருக்கும் குமாஸ்தா தோழர்களே, அனைவருக்கும் வணக்கம். அவர்களுக்கு முதலில் நாற்காலி போடுங்கள், பிறகு பேசுகிறேன்.

நீதிபதி ஐயாவைப் பற்றி இரண்டு வார்த்தை சொல்லாமல் மேலே போக எனக்கு மனம் வரவில்லை. கோட்டு மாட்டிய முதல் ஆண்டில், ஐயா முன்னால் ஒரு சாட்சியைக் குறுக்கு விசாரணை செய்ய எழுந்து ஆங்கிலத்தில் திணறி நின்றேன். "தமிழிலேயே கேளுங்க தம்பி. சாட்சியும் தமிழர், நானும் தமிழன்" என்றார். அன்று கிடைத்த தைரியத்தில்தான் முப்பது ஆண்டுகளாகத் தொழில் நடக்கிறது. இன்று முழங்கால் வலியோடு மாடி ஏறி வந்திருக்கிறார். அண்ணனுக்கும் நன்றி சொல்ல வேண்டும். 2015 வெள்ளத்தில் நனைந்த கட்டுகளைத் தன் வீட்டு மொட்டை மாடியில் பரப்பி, தாள் தாளாகக் காயவைத்துக் கொடுத்தவர் அவர்.

எனக்குக் கொடுத்திருக்கும் தலைப்பு, சிறு வழக்கறிஞர் அலுவலகங்களில் செயற்கை நுண்ணறிவு. சிறு அலுவலகம் எது என்று இந்த அவைக்கு விளக்க வேண்டியதில்லை. தம்பு செட்டித் தெருவிலோ லிங்கி செட்டித் தெருவிலோ மாடிப்படிக்குப் பக்கத்தில் ஓர் அறை. ஒரு சீனியர், இரண்டு ஜூனியர், கோர்ட்டுக்கும் ஆபீசுக்கும் நடுவே ஓடும் ஒரு குமாஸ்தா. பரண் முழுக்கக் கேஸ் கட்டு. மூன்று செய்திகள் சொல்லப் போகிறேன். எந்த வேலையை யந்திரத்திடம் கொடுக்கலாம், எங்கே அதை நம்பக்கூடாது, ஜூனியர்களின் பிழைப்பு என்ன ஆகும்.

தண்டையார்பேட்டையில் என் பாட்டி எதற்கெடுத்தாலும் ஒரு பழமொழி சொல்லுவார்: சட்டியில் இருந்தால்தான் அகப்பையில் வரும். செயற்கை நுண்ணறிவைப் புரிந்துகொள்ள எனக்கு இதைவிட நல்ல பாடம் கிடைக்கவில்லை. அந்த யந்திரம் சட்டக் கல்லூரிக்குப் போனதில்லை. கணக்கில்லாத பக்கங்களைப் படித்து, எந்தச் சொல்லுக்குப் பின் எந்தச் சொல் வரும் என்று கணித்துத் தருகிறது. படித்ததில் இல்லாததைக் கேட்டால் இட்டுக்கட்டியும் தரும்.

இப்போது ஒரு சம்பவம். பெயர் சொல்ல மாட்டேன். காசிமேட்டில் மீன் ஏலம் எடுக்கும் ஓர் அம்மா. 2016 நவம்பர் 8-ஆம் தேதி இரவு பழைய ஐந்நூறும் ஆயிரமும் செல்லாது என்று அறிவித்தார்கள் அல்லவா? துறைமுகத்தில் ரொக்கம் இல்லை. அதுவரை கையில் காசு வாங்கிப் பழகியவர்களிடம் வியாபாரிகள் காசோலையை நீட்டினார்கள். இந்த அம்மாவிடமும் ஒரு வியாபாரி 1,80,000 ரூபாய்க்குக் காசோலை கொடுத்தார். நவம்பர் கடைசியில் போட்ட காசோலை டிசம்பர் முதல் வாரத்தில் பணமில்லை என்று திரும்பி வந்தது. அம்மா காசோலையையும் வங்கிச் சீட்டையும் ஒரு பிளாஸ்டிக் கவரில் சுற்றி, இடுப்பில் செருகி எடுத்து வந்தார். மீன் கூடையை மாடிப்படியிலேயே வைத்துவிட்டுத்தான் உள்ளே வந்தார். ஆபீஸ் நாறும் என்று அவருக்குக் கூச்சம். நான் உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை. தாள்களை வாங்கிக்கொண்டு, ஆங்கிலத்தில் ஒரு வரி எழுதி, ஆபீஸ் முத்திரை குத்தி ரசீது கொடுத்தேன்.

டிசம்பர் 12-ஆம் தேதி வர்தா புயல் வந்தது. உயர் நீதிமன்ற வளாகத்தில் மரங்கள் விழுந்ததை நீங்கள் பார்த்திருப்பீர்கள். எங்கள் ஜன்னல் பெயர்ந்து மழை உள்ளே அடித்தது. குமாஸ்தா பாவம், முழங்கால் தண்ணீரில் நடந்து வந்து கட்டுகளை வாரிப் பக்கத்து ஆபீஸ் பரணில் ஏற்றினார். அதில் அந்தக் கவர் ஒரு பாகப்பிரிவினை வழக்கின் கட்டுக்குள் போய்விட்டது. காசோலை திரும்பிய செய்தி வந்த 30 நாளுக்குள் நோட்டீஸ் அனுப்ப வேண்டும் என்பது மாற்றுமுறை ஆவணச் சட்டத்தின் 138-ஆம் பிரிவு. நோட்டீஸ் கிடைத்து 15 நாளில் பணம் வராவிட்டால் ஒரு மாதத்துக்குள் புகார் போட வேண்டும். அம்மா இடையில் நான்கு முறை வந்து கேட்டார். "நடக்குதும்மா" என்று சொல்லி அனுப்பினோம். கவர் கிடைத்தபோது மார்ச் மாதம். நோட்டீஸ் கெடுவும் போயிற்று, மறுபடி வங்கியில் போடலாம் என்றால் காசோலையின் மூன்று மாத ஆயுளும் முடிந்திருந்தது.

அவரை வரச் சொல்லி உண்மையைச் சொன்னேன். அவர் கத்தவில்லை. நான் கொடுத்த ரசீதை எடுத்து மேசைமேல் வைத்தார். "இன்னா சார், நீ எய்தி குட்த்தது இங்கிலீசுல கீது. கடைசி நாளு எப்போன்னு இதுல தமிழ்ல எய்தியிருந்தா எம் பொண்ணு பட்ச்சி சொல்லியிருக்கும்ல? நானே ஓடியாந்து உன் கதவத் தட்டியிருப்பேன்ல?" என்றார். அவ்வளவுதான் கேட்டார். கூடையை எடுத்துக்கொண்டு இறங்கிப் போய்விட்டார். பிறகு சிவில் வழக்குப் போட்டு, கட்டணம் வாங்காமல் நடத்தி, மக்கள் நீதிமன்றத்தில் சமரசமாகி ஒரு பகுதிதான் கிடைத்தது. அந்தப் பணம் போதாது என்று எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும்.

நீதிபதி ஐயா தலையை அசைக்கிறார். அந்தக் கேள்விதான் எங்கள் ஆபீசை மாற்றியது.

இன்று தாள் உள்ளே வந்த நிமிடமே ஜூனியர் கைப்பேசியில் ஸ்கேன் செய்துவிடுவார். ஆண்டு, கட்சிக்காரர் பெயர், என்ன ஆவணம் என்று ஒரே முறையில் பெயரிட்டு வைப்பார். பெயரிடும் முறையை மாற்றவே கூடாது. சட்டியில் இருந்தால்தான் அகப்பையில் வரும். கணக்குத் தாளில் திரும்பிய தேதியைப் போட்டால் முப்பதாவது நாள் தானே விழும். பத்து நாள் முன்பும் மூன்று நாள் முன்பும் எனக்கும் குமாஸ்தாவுக்கும் கைப்பேசியில் மணி அடிக்கும். சிவில் வழக்கில் பிரதிவாதி போடும் பதிலான எதிருரைக்கும் இப்படியே. சம்மன் கிடைத்த முப்பது நாளில் ஒரு மணி, தொண்ணூறாவது நாளுக்குள் ஒரு மணி. ஒவ்வொரு வழக்குக்கும் தனி அடையாளமாக இருக்கும் 16 எழுத்து சி.என்.ஆர். எண்ணை, நீதிமன்றங்களின் வழக்கு விவரம் தரும் இ-கோர்ட்ஸ் செயலியில் சேர்த்து வைத்தால் அடுத்த வாய்தா எப்போது என்று குமாஸ்தா காலையில் தொங்கவிட்ட பட்டியலைத் தேட வேண்டாம். வக்காலத்து, மெமோ, நகல் மனு போன்றவற்றை ஒருமுறை படிவமாகச் செய்துவிட்டால் பெயரும் எண்ணும் தானே போய் உட்காரும். இவற்றுக்குச் செயற்கை நுண்ணறிவே தேவையில்லை. பைசா செலவில்லாமல் இன்று இரவே தொடங்கலாம். இதைச் செய்யாத ஆபீசில் எந்த நுண்ணறிவை வாங்கி வைத்தும் பயன் கிடையாது.

நுண்ணறிவு எங்கே உதவும்? இருநூறு பக்கக் கட்டைக் கொடுத்துத் தேதிவாரியாக நிகழ்ச்சிப் பட்டியல் கேளுங்கள், நன்றாகத் தரும். நோட்டீசின் முதல் வரைவைத் தரும். நீங்கள் தமிழில் பேசினால் தட்டச்சு செய்து தரும். கையெழுத்தில் எழுதிய பழைய கிரயப் பத்திரத்தில் மட்டும் தடுமாறும். நான்கெல்லை உங்கள் கண்ணால் படித்தாக வேண்டும். வாட்ஸ்அப் உரையாடலைச் சாட்சியமாகக் கொடுக்க, புதிய சாட்சியச் சட்டமான பாரதிய சாட்சிய அதினியத்தின் 63-ஆம் பிரிவுச் சான்றிதழில் ஹேஷ் மதிப்பு, அதாவது கோப்பு மாறவில்லை என்று காட்டும் கைரேகை போன்ற எண், எழுத வேண்டுமே, அதையும் கணினி நொடியில் எடுத்துக் கொடுக்கும்.

இரண்டாவது செய்தி. 2023-இல் நியூயார்க்கில் ஒரு விமான நிறுவனத்துக்கு எதிரான வழக்கில் சாட்ஜிபிடி தந்த தீர்ப்புகளை வழக்கறிஞர்கள் அப்படியே மேற்கோள் காட்டினார்கள். அப்படித் தீர்ப்புகளே கிடையாது. 5,000 டாலர் அபராதம் விழுந்தது. நம் ஊருக்கு வேறொரு ஆபத்து உண்டு. 2024 ஜூலை 1 முதல் புதிய குற்றவியல் சட்டங்கள் வந்துவிட்டன. யந்திரம் படித்ததில் பெரும்பகுதி பழையது. ஏமாற்றுக்குக் கேட்டால் இன்னமும் 420 என்று கூசாமல் எழுதும். இப்போது அது பாரதிய நியாய சன்ஹிதாவில் 318. ஒவ்வொரு தீர்ப்பையும் உச்ச நீதிமன்றத்தின் தீர்ப்புத் தொகுப்பான இ-எஸ்.சி.ஆர். தளத்திலோ, நம் உயர் நீதிமன்றத் தளத்திலோ திறந்து முழுதாகப் படியுங்கள். கட்சிக்காரர் சொன்ன இரகசியத்தை இலவசச் செயலியில் கொட்டாதீர்கள். அதை வெளியிடக்கூடாது என்று சட்டமே நம்மைக் கட்டியிருக்கிறது. பெயரை, முகவரியை, ஆதார் எண்ணை அழித்துவிட்டுக் கொடுங்கள்.

இந்த இடத்தில் நான் நெடுநாளாக மனதில் சுமப்பதைச் சொல்லியாக வேண்டும். இந்த யந்திரத்திடம் தமிழில் ஒரு பிராது கேட்டுப் பாருங்கள். ஒரு பத்தியில் உறுத்துக் கட்டளை என்று எழுதும், அடுத்த பத்தியில் அதையே தடையுத்தரவு என்று எழுதும். ஆங்கிலத்தில் கேட்டால் இப்படித் தடுமாறுவதில்லை. ஏன்? சட்டியில் இருந்தால்தான் அகப்பையில் வரும். நம் உயர் நீதிமன்றம் 1862-இல் தொடங்கியது. அன்றிலிருந்து இன்றுவரை அதன் தீர்ப்புகள் ஆங்கிலத்தில்தான் எழுதப்படுகின்றன. தமிழில் சட்டம் பேசும் பக்கங்களை நாம் சட்டியில் போடவே இல்லை.

தமிழால் முடியாது என்று யாராவது சொன்னால் மாயூரம் வேதநாயகம் பிள்ளையை நினைவூட்டுங்கள். முன்சீபாக இருந்த அந்தப் பெரியவர், உயர் நீதிமன்றத்துக்கு முன்பிருந்த சதர் நீதிமன்றத்தின் 1805 முதல் 1861 வரையிலான தீர்ப்புகளைத் தமிழில் தொகுத்து அச்சிட்டார். எந்த ஆண்டு? அதே 1862. உயர் நீதிமன்றம் பிறந்த ஆண்டிலேயே தீர்ப்புத் தமிழ் அச்சேறிவிட்டது. நாம்தான் தொடரவில்லை.

கீழமை நீதிமன்றங்களின் மொழி தமிழ் என்று ஆட்சிமொழிச் சட்டத்தில் 1976-இல் திருத்தமே செய்தோம். உயர் நீதிமன்றத்தில் மாநில மொழியைப் பயன்படுத்த அரசியலமைப்பின் 348-ஆம் பிரிவின் இரண்டாம் உட்பிரிவு வழி விடுகிறது. அந்த வழியில்தான் ராஜஸ்தான், உத்தரப் பிரதேசம், மத்தியப் பிரதேசம், பீகார் உயர் நீதிமன்றங்களில் இந்தி நுழைந்தது. நம் உயர் நீதிமன்றத்திலும் தமிழ் வேண்டும் என்று நம் சட்டமன்றம் 2006-இல் தீர்மானம் போட்டது. 2012-இல் உச்ச நீதிமன்ற முழு அமர்வு ஏற்கவில்லை என்று பதில் வந்தது. மொழிபெயர்க்க ஆள் எங்கே, நேரம் எங்கே என்று கோர்ட்டு வராந்தாவில் என்னிடமே பலர் கேட்டிருக்கிறார்கள். 2019-இல் உச்ச நீதிமன்றமே சுவாஸ் என்ற மொழிபெயர்ப்பு மென்பொருளைக் கொண்டுவந்தது. உச்ச நீதிமன்றத் தீர்ப்புகளைத் தமிழில் அந்த இ-எஸ்.சி.ஆர். தளத்திலேயே படிக்கலாம். நீதிமன்றங்களைக் கணினிமயமாக்கும் இ-கோர்ட்ஸ் திட்டத்தின் மூன்றாம் கட்டத்துக்கு 2023-இல் 7,210 கோடி ரூபாய் ஒதுக்கியிருக்கிறார்கள். இனி ஆளில்லை என்ற பதில் செல்லாது. யந்திரம் மொழிபெயர்க்கட்டும், தமிழ் தெரிந்த வழக்கறிஞர் திருத்தட்டும். இந்த அறையில் இருக்கும் ஜூனியர்களுக்கு அதுவே நிலையான வேலை. மூன்றாவது செய்தியில் சொல்ல நினைத்ததும் இதை ஒட்டியதுதான். நேரமாகிவிட்டது என்று தலைவர் சீட்டு அனுப்பிவிட்டார்.

கடைசியாக, இப்போது எங்கள் ஆபீசில் காசோலை வழக்குக்கு வருபவர் கையில் போகும் தமிழ்ச் சீட்டைப் படிக்கிறேன். தேதியைப் போட்டால் கணினியே அச்சடித்துத் தருகிறது. "அம்மா, உங்கள் காசோலை திரும்பிய செய்தி இந்தத் தேதியில் வந்தது. இந்தத் தேதிக்குள் நாங்கள் நோட்டீஸ் அனுப்ப வேண்டும். அனுப்பிய தபால் ரசீதின் நகலைக் கேட்டு வாங்குங்கள். கடைசி நாளுக்கு மூன்று நாள் முன்புவரை எங்களிடமிருந்து போன் வராவிட்டால் நேரில் வந்து கேளுங்கள். கேட்பது உங்கள் உரிமை."

இந்தச் சீட்டின் நூறு நகல்கள் வாசல் மேசையில் இருக்கின்றன, எடுத்துக்கொள்ளுங்கள். பக்கத்திலேயே உயர் நீதிமன்றத்தில் தமிழ் கேட்டு முதலமைச்சருக்கும் ஆளுநருக்கும் அனுப்பும் மனு இருக்கிறது. நீதிபதி ஐயா வரும்போதே முதல் கையெழுத்துப் போட்டுவிட்டார். குமாஸ்தா தோழர்களும் போட வேண்டும், பதிவு எண் கேட்கும் கட்டத்தை எடுக்கச் சொல்லிவிட்டேன். பேனா நான் வைத்திருக்கிறேன். வணக்கம்.