பழைய சுவருக்குச் சிமெண்ட் ஆகாது

வணக்கம், நேயர்களே. பழைய கட்டடத்தை இடித்துவிட்டுப் புதிதாகக் கட்டினால் மின்சாரம் மிச்சமாகும் என்று கணக்குச் சொல்வார்கள். இடிபாட்டை அள்ளுவதும், புதுச் செங்கல் சுடுவதும், கம்பியும் சிமெண்டும் தயாராவதும் அந்தக் கணக்கில் பெரும்பாலும் ஏறுவதில்லை. உலகின் கரியமில வாயு வெளியேற்றத்தில் ஏறத்தாழ 7, 8 சதவீதம் சிமெண்ட் தயாரிப்பிலிருந்து வருகிறது. எனவே இருப்பதைப் பழுதுபார்ப்பதே மேல். ஆனால் அதே சிமெண்டைக் கொண்டுபோய்ப் பழைய சுவரில் அப்பினால் வினைதான்.

இன்று நாம் வழக்கமாகப் பயன்படுத்தும் போர்ட்லண்ட் சிமெண்டுக்கு இங்கிலாந்தின் ஜோசப் ஆஸ்ப்டின் காப்புரிமை பெற்றது 1824இல். அது பரவலாகுமுன் எழுந்த செங்கல், கல் கட்டடங்கள் பலவும் சுண்ணாம்புச் சாந்தில் கட்டியவை. அந்தச் சுவர் ஈரத்தை வாங்கும். பிறகு சாந்து வழியே விட்டுவிடும். சிமெண்ட் பூசினால் அந்த வழி அடைபடும். ஓதம் இன்னும் மேலே ஏறும். செங்கல்களுக்கு இடையிலுள்ள இடுக்குகளில் சிமெண்ட் அடைத்திருந்தாலோ, ஈரம் செங்கல் வழியாகவே வெளியேறும். அதோடு வரும் உப்பு செங்கலின் மேல்பரப்புக்கு அடியில் படிகமாகி, அதை ஏடு ஏடாக உரித்துவிடும். சாந்து துருத்தி நிற்க, செங்கல் குழிந்து கிடக்கும் சுவரைப் பாருங்கள், புரியும். சாந்துதான் செங்கலைவிட மென்மையாக இருக்க வேண்டும். தேய்வது அதுவாக இருந்தால் மாற்றிக்கொள்ளலாம். சுண்ணாம்பில் கட்டிய செங்கலைச் சுரண்டி மறுபடி பயன்படுத்தவும் முடியும். சிமெண்டில் கட்டியது பெரும்பாலும் உடைந்துதான் வரும்.

வேலையை ஆரம்பிக்குமுன் தண்ணீர் வரும் வழியை நிறுத்துங்கள்: ஒழுகும் மழைநீர்க் குழாய், சுவரோரம் உயர்ந்துவிட்ட தரை. இதை விட்டுவிட்டு எதைப் பூசினாலும் வீண். பிறகு உதிர்ந்த சாந்தை உளியால், கையாலேயே எடுங்கள். ஆழம் இடுக்கின் அகலத்தைப் போல் இருமடங்காவது வேண்டும். 10 மில்லிமீட்டர் இடுக்குக்கு 20 முதல் 25. வெட்டும் இயந்திரம் வைத்தால் செங்கலின் விளிம்பு போய்விடும், அது திரும்ப வராது.

புதுச் சாந்துக்கு, தண்ணீரில் நீற்றிப் பக்குவமான சுண்ணாம்பு 1 பங்கு, கரகரப்பான மணல் 3 பங்கு. மணல் துகள்களுக்கு நடுவே உள்ள இடைவெளி ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு, அதைச் சுண்ணாம்பு நிரப்ப வேண்டும் என்பதால்தான் இந்த அளவு. தண்ணீரைக் கூட்டினால் குழைக்கச் சுகமாக இருக்கும், காய்ந்ததும் வெடிப்பு விடும். ஓயாமல் நனையும் இடமென்றால் நைசான செங்கல் பொடி சேருங்கள். அதிகம் சுட்டுக் கறுத்த செங்கலின் பொடி பயன்படாது.

சுவரை நனைத்து, சாந்தை அழுத்தி அடையுங்கள். ஓரளவு இறுகியதும் விறைப்பான தூரிகையால் தட்டிவிடுங்கள். அடுத்த ஒரு வாரமாவது ஈரச் சாக்கு மூடியிருக்க வேண்டும். பலர் கோட்டைவிடுவது இங்கேதான். சுண்ணாம்பு காற்றிலுள்ள கரியமில வாயுவை வாங்கி இறுகுகிறது. சுண்ணாம்புக்கல்லைச் சுட்டபோது அதிலிருந்து போன வாயுவில் ஒரு பங்கு இப்படித் திரும்புகிறது. அதற்கு ஈரம் வேண்டும். வெயிலில் சட்டென்று உலர்ந்தால் வெறும் பொடிதான் மிஞ்சும்.

மேலே பிளாஸ்டிக் பெயின்ட் வேண்டாம். சுண்ணாம்பைப் பால் பதத்தில் கரைத்து நான்கைந்து முறை மெல்லிசாக அடியுங்கள். ஒரே தடவையில் தடியாக அடித்தால் செதிலாகக் கழன்றுவிடும். சுண்ணாம்பைக் கையாளும்போது பாதுகாப்புக் கண்ணாடியும் கையுறையும் அவசியம். கண்ணில் பட்டால் நிறையத் தண்ணீர்விட்டுக் கழுவி, உடனே மருத்துவரிடம் போங்கள்.