ஒரே சீசன்ல 59 வெற்றி! ஓல்ட் ஹாஸ் ராட்போர்ன் போட்ட டீல்

ஹாய் மக்களே, இன்னைக்கு ரொம்பப் பழைய பேஸ்பால் மேட்டர், 1884. ஆளு பேரு சார்லஸ் ராட்போர்ன், பட்டப்பேரு ஓல்ட் ஹாஸ். இல்லினாய்ல ப்ளூமிங்டன்ல வளந்தவரு, கசாப்புக்கடைக் குடும்பம். பிட்சர், நம்மூர் பவுலர்னு வச்சுக்கோங்களேன்.

அப்போ ப்ராவிடன்ஸ் கிரேஸ் டீம்ல சார்லி ஸ்வீனின்னு இன்னொரு பிட்சர், சின்னப் பையன், ஜூன்ல பாஸ்டனுக்கு எதிரா ஒரே மேட்ச்ல 19 ஸ்ட்ரைக் அவுட் (அதாவது மூணு ஸ்ட்ரைக் போட்டு பேட்டர அவுட் ஆக்குறது) எடுத்துட்டான், அவ்ளோதான் எல்லாரும் அவன் பின்னாடி. நம்மாளுக்கு வயித்தெரிச்சல். மூஞ்சியத் தூக்கி வச்சுக்கிட்டே சுத்த, ஜூலைல சஸ்பெண்ட் பண்ணிட்டாங்க. சரி ஸ்வீனி இருக்கான்லன்னு பாத்தா அவன் குடிச்சிட்டு வந்து மேனேஜர்கூட சண்ட போட்டு மேட்ச் நடுவுலயே கெளம்பிட்டான், மிச்சம் எட்டு பேர் ஆடித் தோத்தாங்க. டீமையே கலைச்சிரலாமான்னு ஓனருங்க பேச ஆரம்பிச்சிட்டாங்க.

அப்பதான் ராட்போர்ன் வர்றாரு. மிச்ச சீசன நானே போடுறேன், ஆனா காசு கூடக் குடுக்கணும், சீசன் முடிஞ்சதும் என்ன விட்ருணும்னு கண்டிஷன். ஏன்னா அப்போ ரிசர்வ் ரூல்னு ஒண்ணு, கிளப்பா விட்டாதான் ஆள் வேற டீமுக்குப் போக முடியும். நெறைய பேர் இத தியாகம், விசுவாசம்னு சொல்றாங்க, எனக்கென்னமோ சுத்தமான பேரம்னுதான் தோணுது, அதனாலதான் இந்தாள எனக்குப் புடிக்கும்.

போட்டாரு பாருங்க! அந்த சீசன்ல 73 மேட்ச் ஸ்டார்ட் பண்ணி எழுபத்திமூணையும் அவரே முடிச்சாரு, 678 இன்னிங்ஸுக்கு மேல (பேஸ்பால்ல ஒரு மேட்ச்சுக்கே ஒம்போது இன்னிங்ஸ்), 441 ஸ்ட்ரைக் அவுட். நடுவுல தொடர்ந்து 18 வெற்றி. காலைல தலை சீவக்கூட கை தூக்க முடியாதாம். பேஸ்பால்ல டீம் ஜெயிச்சா அந்த வெற்றிய ஒரு பிட்சர் பேர்ல எழுதுவாங்க, இவரு வெற்றி 59ஆ 60ஆன்னு இன்னும் சண்ட ஓடுது, ஒரு மேட்ச்ல இவரு பாதில வந்தாரு, அத யார் கணக்குல எழுதுறதுன்னு. லீக் ஜெயிச்சு, அக்டோபர்ல இன்னொரு லீக்க ஜெயிச்ச நியூயார்க் மெட்ரோபாலிடன்ஸோட மூணு மேட்ச், மூணும் இவரே போட்டு மூணும் ஜெயிச்சாரு.

சொன்ன மாதிரி விட்டாங்களா? விட்டாங்க. ஆனா மனுஷன் திரும்ப அதே ப்ராவிடன்ஸுக்கே கையெழுத்துப் போட்டாரு, நல்ல சம்பளத்துக்கு! 1885ஓட அந்த டீமே காலி. அப்புறம் பாஸ்டன் போனாரு, 1886ல எடுத்த டீம் போட்டோல கேமராவப் பாத்து நடுவிரலக் காட்டிட்டு நிப்பாரு, ஸ்க்ரீன்ல போடுறேன், பின் வரிசைல தேடிப் பாருங்க.