பூட்டிய அறையில் பன்னிரண்டு பேர்: மிஞ்சுவது பயமே

நடுவர் அவர்களுக்கும், எதிரணி நண்பர்களுக்கும், அரங்கத்தில் கூடியிருக்கும் உங்கள் எல்லோருக்கும் வணக்கம்.

‘டுவெல்வ் ஆங்ரி மென்’ படத்தைப் பார்த்து முடித்ததும் மனதில் மிஞ்சுவது நம்பிக்கையா, பயமா? இதுதான் தலைப்பு. எனக்கு முன்னால் பேசிய எதிரணித் தலைவர் நம்பிக்கைதான் என்று அழகாக வாதாடினார். பதினோரு பேர் ஒரு பக்கம், ஒரே ஒருவர் மறுபக்கம். அந்த ஒருவர் பேசிப் பேசியே பதினோரு பேரையும் மாற்றிவிடுகிறார். இதைவிட என்ன நம்பிக்கை வேண்டும் என்று கேட்டார். நல்ல கேள்வி. ஆனால் படத்தின் நடுவில் ஓர் இடத்தை அவர் தொடாமலே தாண்டிவிட்டார். நான் அந்த இடத்தில்தான் நிற்கப் போகிறேன்.

படம் பார்க்காதவர்களுக்காக நாலே வரி. 1957ல் வந்த கறுப்பு வெள்ளைப் படம். ரெஜினால்ட் ரோஸ் தொலைக்காட்சிக்காக எழுதிய நாடகத்தை வைத்து, சிட்னி லூமெட் இயக்கிய முதல் திரைப்படம். நியூயார்க்கில் பதினெட்டு வயதுப் பையன் ஒருவன் பெற்ற தகப்பனைக் கத்தியால் குத்திக் கொன்றதாக வழக்கு. விசாரணை முடிந்து, ஜூரிகளை, அதாவது குற்றவாளியா இல்லையா என்று முடிவு சொல்ல அழைக்கப்பட்ட சாதாரண மக்கள் பன்னிரண்டு பேரை, ஓர் அறையில் விட்டு வெளியிலிருந்து பூட்டுகிறார்கள். படத்தில் அவர்களுக்குப் பெயர் இல்லை, எண்தான். பன்னிரண்டு பேரும் ஒரே முடிவு சொல்ல வேண்டும். குற்றவாளி என்றால் பையனுக்கு மின்சார நாற்காலி. 96 நிமிடப் படத்தில் ஏறக்குறைய முழுவதும் அந்த அறைக்குள்தான் நடக்கிறது.

சரி, அந்த முதல் வாக்கெடுப்பை நினைத்துப் பாருங்கள். குற்றவாளி என்பவர்கள் கை தூக்குங்கள் என்கிறார்கள். சில கைகள் உடனே எழுகின்றன. மற்ற கைகள் எழவில்லை. பக்கத்தில் இருப்பவரைப் பார்க்கிறார்கள், எதிரில் இருப்பவரைப் பார்க்கிறார்கள், அப்புறம் ஒவ்வொன்றாக மெல்ல எழுகின்றன. ஓர் உயிரை எடுக்கும் முடிவு அடுத்தவர் முகத்தைப் பார்த்து எடுக்கப்படுகிறது. அந்தக் காட்சியில் எனக்கு உடம்பு சில்லிட்டது. அந்த மேஜையில் நான் இருந்திருந்தால் என் கையும் அப்படித்தான் எழுந்திருக்குமோ என்ற பயம் படம் முடிந்த பிறகும் போகவில்லை.

இப்போது எதிரணித் தலைவர் தாண்டிப்போன இடத்துக்கு வருகிறேன். ஹென்ரி ஃபோண்டா நடித்த எட்டாம் எண் ஜூரர் கொஞ்ச நேரம் பேசிப் பார்க்கிறார். யாரும் அசையவில்லை. உடனே அவரே ஒரு யோசனை சொல்கிறார்: ‘ரகசிய வாக்கெடுப்பு நடத்துங்கள், நான் அதில் கலந்துகொள்ளவில்லை. நீங்கள் பதினோரு பேரும் மறுபடி குற்றவாளி என்று எழுதினால் நானும் உங்களோடு சேர்ந்துவிடுகிறேன்.’ நடுவர் அவர்களே, இதைச் சொல்பவர் வில்லன் இல்லை, கதாநாயகன். அவர் ஜன்னலோரம் போய் நிற்கிறார். சீட்டுகளை ஒவ்வொன்றாகப் பிரித்து வாசிக்கிறார்கள். குற்றவாளி. குற்றவாளி. குற்றவாளி. கடைசியை நெருங்கும்போதுதான் ஒரே ஒரு சீட்டில் குற்றவாளி இல்லை என்று வருகிறது. எழுதியவர் ஒரு முதியவர், ஒன்பதாம் எண் ஜூரர். பையன் நிரபராதி என்று நம்பி எழுதினாரா என்றால் அதுவும் கிடையாது. தனியாக நிற்பவருக்கு ஒரு துணை வேண்டும், இன்னும் கொஞ்சம் கேட்டுப் பார்க்கலாம், அவ்வளவுதான் அவர் சொல்லும் காரணம். அந்தப் பெரியவர் வேறு விதமாக எழுதியிருந்தால், நீங்கள் கைதட்டிய கதாநாயகனே பையனை நாற்காலிக்கு அனுப்பியிருப்பார். கொடுத்த வாக்கு அப்படி!

அதற்குப் பிறகு வருவதெல்லாம் அறிவின் வெற்றி என்பார்கள் எதிரணி நண்பர்கள். நான் ஒன்றை மட்டும் கிட்டத்தில் வைத்துப் பார்க்கிறேன். ரயில் பாதைக்கு எதிர் வீட்டிலிருந்து கொலையைக் கண்ணால் பார்த்தேன் என்று ஒரு பெண்மணி சாட்சி சொல்லியிருக்கிறார். வழக்கின் முதுகெலும்பே அந்தச் சாட்சிதான். அது எப்படி உடைகிறது? நாலாம் எண் ஜூரர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு மூக்கைத் தேய்க்கிறார். மூக்கின் இரண்டு பக்கமும் கண்ணாடி அழுத்திய தழும்பு. அதே தழும்பு அந்தப் பெண்மணியின் மூக்கிலும் இருந்ததே என்று அந்த முதியவருக்கு நினைவு வருகிறது. படுக்கையில் புரண்டுகொண்டிருந்தவர் கண்ணாடி போட்டிருப்பாரா என்ற கேள்வி அப்போதுதான் எழுகிறது. அதை வழக்கறிஞர் கேட்டிருக்க வேண்டும், கேட்கவில்லை. நீதிபதிக்கும் தோன்றவில்லை. ஒருவருக்கு மூக்கு உறுத்தியதால் ஒரு பையன் உயிர் பிழைத்தான். அந்த மாதிரிக் கத்தியை எப்படிப் பிடித்துக் குத்துவார்கள் என்று விளக்க முடிந்ததற்கும், சேரியில் வளர்ந்த ஒருவர் அந்தப் பன்னிரண்டு பேரில் தற்செயலாக இருந்ததுதான் காரணம். இத்தனை தற்செயல்களை அடுக்கி வைத்துவிட்டு இதற்கு நம்பிக்கை என்று பெயர் வைத்தால் என் மனம் ஒப்பவில்லை.

அமெரிக்க உச்ச நீதிமன்ற நீதிபதி சோனியா சோட்டோமேயர், மாணவியாக இருந்த காலத்தில் இந்தப் படத்தைப் பார்த்துத்தான் சட்டத்துறை மேல் பற்றுக்கொண்டார் என்றும் எதிரணித் தலைவர் சொன்னார். உண்மை. ஆனால் அதே அம்மையார் கீழ் நீதிமன்றத்தில் இருந்தபோது ஜூரிகளிடம் இந்தப் படத்தில் வருவதுபோல் நடக்காதீர்கள் என்று எச்சரித்ததாகவும் சொல்லியிருக்கிறார். ஏனென்றால் அந்த அறையில் நடப்பதில் பெரும்பகுதி ஊகம். ஃபோண்டா தனியாகக் கடைக்குப் போய் அதேபோன்ற கத்தியை வாங்கி வந்து மேஜையில் குத்துகிறாரே, நிஜ வழக்கில் ஒரு ஜூரர் அதைச் செய்யக் கூடாது. விதிப்படி நடந்திருந்தால் பையன் செத்திருப்பான். இது பயம் இல்லையா?

பத்தாம் எண் ஜூரர் சேரி மக்களை வாய்க்கு வந்தபடி ஏசும்போது மற்றவர்கள் ஒவ்வொருவராக எழுந்து முதுகைக் காட்டி நிற்பார்களே, அந்தக் காட்சியை நான் மறுக்கவில்லை. எனக்கும் கண் கலங்கியது. ஆனால் அதே ஆள் ஆரம்பத்திலிருந்து அதையேதானே பேசினார்? சேரிகள்தான் குற்றவாளிகளை உற்பத்தி செய்கின்றன என்று நிதானமாக, படித்த மனிதரின் குரலில் சொன்னவர் நாலாம் எண் ஜூரர். அப்போது யாரும் முதுகைக் காட்டவில்லை. கத்திச் சொன்னால் அருவருப்பு வருகிறது, மெதுவாகச் சொன்னால் தலையாட்டுகிறோம். அந்த இடம் எனக்கு இன்னும் உறுத்துகிறது.

இதெல்லாம் கதைதானே என்று சொல்லிவிட முடியாது. இந்தப் படத்துக்கு 13 வருடம் முன்னால், 1944ல், தென் கரோலைனாவில் ஜார்ஜ் ஸ்டின்னி என்ற 14 வயதுக் கறுப்பினச் சிறுவனை, இரண்டு வெள்ளைச் சிறுமிகளைக் கொன்றதாகக் கூண்டில் ஏற்றினார்கள். ஒரே நாளில் விசாரணை முடிந்தது. ஜூரிகள் பன்னிரண்டு பேரும் வெள்ளை ஆண்கள். அவர்கள் உள்ளே போய்ப் பேசியது சுமார் பத்து நிமிடம். அந்த ஜூன் மாதமே மின்சார நாற்காலி. தீர்ப்பு செல்லாது என்று நீதிமன்றம் சொன்னது 2014ல். அந்த அறைக்குள் எட்டாம் எண் ஜூரர் யாரும் இல்லை.

நமக்கும் இது தெரியாத விஷயம் அல்ல. லட்சுமிகாந்தன் கொலை வழக்கில் தியாகராஜ பாகவதரையும் என்.எஸ்.கிருஷ்ணனையும் 1945ல் குற்றவாளிகள் என்று சொன்னதும் ஒரு ஜூரிதான். அன்றைக்கு மேல்முறையீட்டின் கடைசிப் படியாக இருந்த லண்டன் பிரிவி கவுன்சில் வரை போராடி 1947ல் வெளியே வந்தார்கள். அவர்களுக்குப் புகழ் இருந்தது, மேல்முறையீட்டுக்கு வழி இருந்தது. படத்தில் வரும் பையனுக்கு என்ன இருந்தது?

லூமெட் கேமராவை என்ன செய்தார் என்றும் பாருங்கள். தொடக்கத்தில் கண்மட்டத்துக்கு மேலே இருந்து பார்க்கிறது. பிறகு கண்மட்டத்துக்கு வருகிறது. கடைசிப் பகுதியில் கீழே இறங்கி, அறையின் கூரையும் தெரிகிற மாதிரி அண்ணாந்து பார்க்கிறது. போகப் போக நீண்ட லென்ஸ்களை மாட்டி, சுவர்கள் மேலே வந்து விழுவதுபோலச் செய்துவிடுகிறார். ஒளிப்பதிவாளர் போரிஸ் காஃப்மன். ஒரே அறைதான், ஆனால் சுருங்கிக்கொண்டே வருகிறது. ஒவ்வொருவராக மனம் மாறி, நம்பிக்கை கூடக் கூட மூச்சு லேசாக வேண்டும். எனக்கு அந்த நேரத்தில்தான் மூச்சு முட்டியது. இயக்குநர் வேண்டுமென்றே செய்த வேலை இது. அவருக்குத் தெரிந்திருக்கிறது, எந்த உணர்ச்சியை விதைக்கிறோம் என்று.

கடைசியில் வெளியே வந்து படிக்கட்டில் இறங்கும்போது காற்று வருகிறதே என்பார்கள். வருகிறது, அந்தப் பன்னிரண்டு பேருக்கு. மறுநாள் அதே அறையில் வேறு பன்னிரண்டு பேரைப் பூட்டுவார்கள். வேறு ஒரு பையன், வேறு ஒரு வழக்கறிஞர். அந்தப் பன்னிரண்டு பேரில் எட்டாம் எண் ஜூரர் கட்டாயம் இருப்பார் என்பதற்கு இந்தப் படம் எந்த நொடியில் உத்தரவாதம் தருகிறது? எதிரணியின் அடுத்த பேச்சாளர் அந்த ஒரு காட்சியைக் காட்டட்டும். காட்டிவிட்டால், நடுவர் அவர்களே, தீர்ப்பை அவர்கள் பக்கமே சொல்லுங்கள், நான் ஏற்றுக்கொள்கிறேன். நன்றி, வணக்கம்.