சாட்சி பொய் சொன்னார், ஆதாரமும் சிக்கியது. ஆனால் ஜூரிக்கு முழுதாகக் காட்டவில்லை!

வணக்கம். கோலாலம்பூரிலிருந்து பேசுகிறேன். தமிழ்ப் படங்களில் வழக்கறிஞர் கூண்டருகே சென்று விரலை நீட்டினாலே சாட்சி அழுதுகொண்டு உண்மையைக் கக்கிவிடுவார். உண்மையான ஜூரி விசாரணையில், அதாவது பொதுமக்களிலிருந்து தேர்ந்தெடுத்த குழு தீர்ப்புச் சொல்லும் விசாரணையில், பாதிச் சண்டை, சாட்சியின் எந்தப் பொய்யை ஜூரி கேட்கலாம், எதைக் கேட்கக் கூடாது என்பதில்தான் நடக்கிறது.

1995-ஆம் ஆண்டு, லாஸ் ஏஞ்சலஸ், ஓ. ஜே. சிம்சன் கொலை வழக்கு. முன்னாள் மனைவியையும் இன்னொருவரையும் கொன்றதாகக் குற்றஞ்சாட்டப்பட்ட அமெரிக்கக் கால்பந்து நட்சத்திரம் அவர். இரத்தக் கறை படிந்த கையுறையைச் சிம்சன் வீட்டில் கண்டெடுத்ததாகச் சாட்சியம் அளித்த துப்பறிவாளர் மார்க் ஃபர்மனிடம், கறுப்பினத்தவரை இழிவுபடுத்தும் சொல்லைக் கடந்த பத்து ஆண்டுகளில் பயன்படுத்தியதுண்டா என்று சிம்சனின் வழக்கறிஞர் தரப்பு கேட்டது. இல்லை என்று அவர் உறுதிமொழியின்பேரில் மறுத்தார். பிறகு, திரைக்கதை எழுதும் ஒருவருடன் அவர் பேசிய ஒலிநாடாக்கள் வெளிவந்தன. அச்சொல் அவற்றில் திரும்பத் திரும்ப வந்தது.

இதற்குமேல் என்ன வேண்டும் என்று நீங்கள் நினைப்பீர்கள். நீதிபதி லான்ஸ் இட்டோவோ, அந்த ஒலிநாடாக்களிலிருந்து இரண்டே பகுதிகளை மட்டும் ஜூரி கேட்க அனுமதித்தார். செப்டம்பரில் ஃபர்மன் மீண்டும் அழைக்கப்பட்டு, ஆதாரத்தைப் போலியாக நீங்களே கொண்டுபோய் வைத்தீர்களா என்று கேட்கப்பட்டபோது, தமக்கு எதிராகத் தாமே பேசாதிருக்கும் அரசியலமைப்பு உரிமையைக் காட்டிப் பதில் சொல்ல மறுத்தார். அந்த நேரத்தில் ஜூரிகள் அறையிலேயே இல்லை! சாட்சியின்மேல் எழும் வெறுப்பில் வழக்கையே மறந்துவிடுவார்களோ என்ற அச்சம்தான் இத்தகைய கட்டுப்பாடுகளுக்கு அடிப்படை. எனக்கு அந்த அச்சம் நியாயமானதாகவே படுகிறது. சிம்சன் விடுதலையானார், 1996-இல் ஃபர்மன் பொய்ச் சாட்சியக் குற்றச்சாட்டை எதிர்த்து வாதிடாமல் தண்டனையை ஏற்றார்.

நம் நாட்டில் ஜூரி முறை அதே 1995-இல் ஒழிக்கப்பட்டது. தெமர்லோவில் எழுவர் கொண்ட ஜூரி விசாரித்த மோனா ஃபெண்டி வழக்கு (அரசியல்வாதி ஒருவரைக் கொன்ற பாடகியின் வழக்கு) அம்முறையின் கடைசி வழக்குகளில் ஒன்று.

ஜூரி போனாலும் சாட்சியின் நம்பகத்தன்மையைத் தாக்கும் விதிகள் போகவில்லை. 1950-ஆம் ஆண்டுச் சாட்சியச் சட்டத்தின் 155-ஆம் பிரிவு, சாட்சி லஞ்சம் வாங்கினார் என்றும், முன்பு வேறு விதமாகச் சொன்னார் என்றும் நிரூபிக்க வழிவிடுகிறது. இரண்டாவது வழியை எப்படிக் கையாள்வது என்பதை, இச்சட்டத்துக்கு முன்பே, 1948-ஆம் ஆண்டின் முத்துசாமி வழக்கில் நீதிபதி டெய்லர் வகுத்துத் தந்தார். ஆம், நம்மவர் பெயரைத் தாங்கிய அந்தத் தீர்ப்பை மலேசிய வழக்கறிஞர்கள் இன்றும் எடுத்துக்காட்டுகிறார்கள்.

செந்தூலில் ஒரு கத்திக்குத்து நடந்ததாகக் கற்பனை செய்துகொள்ளுங்கள். காவல்துறையிடம் இரவு ஒன்பது மணி என்று சொன்ன சாட்சி, கூண்டில் ஒன்பதரை என்கிறார். இது சிறு வேறுபாடு. நீதிபதி பழைய வாக்குமூலத்தைத் தாமே படித்துப் பார்த்துவிட்டு, இதில் நேரத்தை வீணாக்க வேண்டாம் என்று ஒதுக்கிவிடலாம். அதே சாட்சி, முன்பு "நான் வீட்டில் தூங்கிக்கொண்டிருந்தேன்" என்று சொல்லியிருந்து, இப்போது "குத்தியதை என் கண்ணால் பார்த்தேன்" என்றால், அது வழக்கின் உயிர்நாடியைத் தொடும் முரண்பாடு. அப்போதும் உடனே பொய்யர் என்று முத்திரை குத்திவிட முடியாது. வாக்குமூலம் கொடுத்தீர்களா என்று முதலில் கேட்க வேண்டும். இல்லை என்று அவர் மறுத்தால், எழுதிய அதிகாரியை அழைத்தோ வேறு வழியிலோ அதை நிரூபிக்க வேண்டும்; இயலாவிட்டால் விட்டுவிட வேண்டும். கொடுத்தேன் என்று ஒப்புக்கொண்டால், இரு கூற்றுகளையும் அவருக்குப் புரியும்படி எடுத்துச் சொல்லி, விளக்கம் தர முழு வாய்ப்பளிக்க வேண்டும். விளக்கம் பொருந்தினால் அவருடைய நாணயம் காப்பாற்றப்படும். நினைவாற்றல்மீது மட்டும் ஐயம் எஞ்சலாம்.

இந்த நடைமுறை மெதுவானது, சுமையானது என்று டெய்லரே ஒப்புக்கொண்டார். ஆயினும் எனக்கு இதுவே பிடித்திருக்கிறது: பயந்துபோய் முதலில் உண்மையை மறைத்த ஒரு சாட்சிக்கு, ஏன் மறைத்தேன் என்று சொல்ல ஓர் இடம் கிடைக்கிறது. சிம்சன் வழக்கைப் போலப் பன்னிரு ஜூரிகள் பாதியைக் கேட்டு முடிவெடுப்பதா, ஒரே நீதிபதி முழுவதையும் படித்துவிட்டு முடிவெடுப்பதா? உங்கள் தேர்வைக் கீழே எழுதுங்கள், காரணத்தையும் சேர்த்து.